தூரிகையின் இரைச்சல்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிறு மின்மோட்டர்களின் பழுதறிதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் புகையிலை, வெங்காயம், மிளகாய், பனை, கடல் ஆகியவை பற்றி நிறையவே எழுதியுள்ளனர். பொறிகளைப் பற்றி எழுதியோர் சிலரே. அப்பொறிகளைப் பழுதுபார்த்து ஓடச்செய்தோரைப் பற்றி எழுதியோர் அவர்களிலும் சிலர். துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்த கதை நமக்குத் தெரியும். அவ்வியந்திரம் நின்றபோது அதனருகே குந்தியிருந்து காதுகொடுத்துக் கேட்டவனின் கதை எழுத்தில் இல்லை. இக்கட்டுரை அத்தகைய பொறிகளுள் மிகச் சிறியதொன்றை, அதாவது தூரிகை பொருத்திய நேரோட்ட மோட்டரை, எடுத்துக்கொள்கின்றது. அதிலும் அது எழுப்பும் இரைச்சலை மட்டும் ஆராய்கின்றது. அற்பமான பொருளென்று தோன்றலாம். ஆயினும் இறக்குமதிக் கட்டுப்பாடு, திறந்த பொருளாதாரம், பொருளாதாரத் தடை என்னும் மூன்று காலப்பகுதிகளும் இவ்விரைச்சலில் தம் சுவடுகளைப் பதித்துச் சென்றுள்ளன என்பதே இங்கு நிறுவப்பட வேண்டியது.

முதலில் பொருளை விளங்கிக்கொள்ளல் வேண்டும். காந்தப் புலத்தினுள் சுழலும் சுருளொன்றுக்கு மின்னோட்டத்தைக் கொடுப்பதாயின் சுழலும் பகுதியையும் சுழலாப் பகுதியையும் தொடுத்துவைக்கும் உபாயமொன்று தேவை. அவ்வுபாயமே திசைமாற்றியும் தூரிகையும். செப்புத் துண்டங்கள் வட்டமாக அடுக்கப்பட்டு, அவற்றிடையே மைக்கா வைத்துப் பிரிக்கப்பட்ட உருளை திசைமாற்றி. அதன்மேல் சுருள்வில்லின் விசையால் அழுத்தப்பட்டு உரசிக்கொண்டிருக்கும் காபன் கட்டி தூரிகை. ஒரு துண்டத்திலிருந்து அடுத்த துண்டத்திற்குத் தூரிகை கடக்கும் ஒவ்வொரு கணத்திலும் சுருளில் மின்னோட்டம் திசை மாறும். அக்கணத்தில் சிறு பொறியொன்றும் எழலாம். எனவே இம்மோட்டருக்கு இருவகை இரைச்சல் உண்டு. ஒன்று உராய்வாலும் ஆட்டத்தாலும் பிறந்து காதுக்குக் கேட்பது. மற்றையது தீப்பொறியாற் பிறந்து வானொலிக்குக் கேட்பது. குடாநாட்டு வரலாற்றில் முதலாவது இரைச்சல் கராச்சுக்கு உரியது. இரண்டாவது வீட்டுக்கு உரியது.

இவ்வமைப்பின் பிறப்பு மேற்குலகில் நிகழ்ந்தது. பரடே மின்காந்தத் தூண்டலை வெளிப்படுத்திய மறு ஆண்டிலேயே, 1832இல், பிரான்சில் பிக்சி என்பார் திசைமாற்றி பொருத்திய மின்பிறப்பாக்கியை அமைத்தார். இங்கிலாந்தில் ஸ்ரேர்ஜன் திசைமாற்றியுடைய மோட்டரை அமைத்ததும் அவ்வாண்டிலேயே. 1837இல் அமெரிக்கக் கொல்லரான டாவன்போட் மின்மோட்டருக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வேளையில் வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் தொடங்கப்பெற்று இயற்கைத் தத்துவமும் வானவியலும் கற்பித்துக்கொண்டிருந்தது என்பது நினைவுகூரத்தக்கது. 1873இல் வியன்னாப் பொருட்காட்சியில் கிராமின் பிறப்பாக்கியொன்றை மற்றொன்றோடு இணைத்தபோது, இரண்டாவது தானே மோட்டராகச் சுழலக் காணப்பட்டது. பிறப்பாக்கியும் மோட்டரும் ஒன்றே என்னும் இவ்வுண்மை பின்னர் யாழ்ப்பாணக் கராச்சுகளுக்குப் பெரிதும் வேண்டப்பட்டதாயிற்று. தூரிகை என்னும் பெயரும் ஒரு வரலாற்று எச்சமே. தொடக்கத்தில் செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி, உண்மையான தூரிகை போலவே அமைத்தனர். அது செப்பைச் செப்பால் அராவியது. 1885இல் ஜோர்ஜ் போர்ப்ஸ் காபனைப் பயன்படுத்த ஆக்கவுரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அமெரிக்கத் தெருப்புகையிரதங்களில் காபன் இடம்பிடித்தது. தூரிகை கட்டியாக மாறிய பின்னரும் பெயர் மாறவில்லை.

குடாநாட்டுக்கு இம்மோட்டர் வந்த பெருவழி மோட்டார் வண்டியே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ40, 1948 முதல் உற்பத்தியான மொறிஸ் மைனர் ஆகிய பிரித்தானிய வண்டிகள் யாழ்ப்பாணத் தெருக்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாடகைக் கார்களாக ஓடியமை பலரும் அறிந்தது. அவ்வண்டிகளுக்கு மின்னூட்டியது லூக்கஸ் நிறுவனத்தின் நேரோட்டத் தைனமோ. இயந்திரத்தைத் தொடக்கியது தூரிகை பொருத்திய தொடக்கி மோட்டர். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி முற்ற, கார்களும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. இங்கே ஒரு முரண் நோக்கத்தக்கது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதி தடைப்பட்டமையால் குடாநாட்டு விவசாயி செழித்தான். அதே கொள்கையால் அவனுடைய விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் சென்ற வண்டியின் தைனமோவுக்குப் புதுத் தூரிகை கிடையாது போயிற்று. விவசாயியின் செழிப்பைப் பொருளியல் நூல்கள் பதிவுசெய்துள்ளன; கராச்சின் தட்டுப்பாட்டுக்கு அத்தகைய பதிவு இல்லை.

புதுப் பாகம் கிடைக்குமிடத்தில் பழுதறிதல் எளிது: தைனமோவைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிடலாம். கிடையாதவிடத்தில் எது கெட்டது, எவ்வளவு கெட்டது, எதை மீட்கலாம் என்று துல்லியமாக அறிதல் வேண்டும். திருப்புளியின் அலகை இயந்திரத்தின் உடலில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது உலகெங்கும் உள்ள முறை. ஆனால் கேட்பதற்கு முன் பிரித்தறிய வேண்டும். தைனமோவைச் சுழற்றும் பட்டியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டால் இரைச்சல் நிற்கின்றதா என்று பார்ப்பது முதற்படி. நின்றுவிட்டால் தைனமோவே குற்றவாளி என்று முடிவுகட்டுவோன் கற்றுக்குட்டி. ஏனெனில் ஒஸ்ரினிலும் மொறிசிலும் அதே பட்டிதான் விசிறியையும் நீர்ப்பம்பியையும் சுழற்றுகின்றது. ஆகவே இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும். பட்டியைக் கழற்றிய நிலையில் தைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, வண்டியின் மின்கலத்திலிருந்து மின்னோட்டம் கொடுத்தால், அது மோட்டராக மெல்லச் சுழலும். வியன்னாவில் 1873இற் கண்ட அதே காட்சி. இப்போது இயந்திரத்தின் ஆரவாரம் இல்லை, பம்பி இல்லை, விசிறி இல்லை. தைனமோவின் குரல் மட்டும் தனித்துக் கேட்கும்.

அக்குரலில் ஒவ்வொரு பழுதுக்கும் ஒவ்வோர் ஒலி உண்டு. கீச்சென்ற நீண்ட ஒலி எழுந்தால் தூரிகையின் முகம் பளபளப்பேறியிருக்கும், அல்லது வெண்கலப் புஷ் எண்ணெயின்றி வறண்டிருக்கும். லூக்கஸ் தைனமோவின் பின்தட்டில் சிறு துளையொன்று உண்டு. இடையிடையே சில துளி எண்ணெய் விடுவதற்கானது அது. ஆயினும் சாரதிகள் பெரும்பாலும் மறந்துவிடும் துளை அதுவே. மட்டாக விட்டால் புஷ் வாழும். அளவு மீறி விட்டால் எண்ணெய் திசைமாற்றியில் வழிந்து காபன் தூளோடு கலந்து சேறாகும். தட்டுத்தட்டென்ற ஒலி வேறு. செப்பு மைக்காவை விட மென்மையானதாகையால் முதலில் தேய்வது செப்பே. மைக்கா மேலெழுந்து நிற்கும். தூரிகை ஒவ்வொரு மைக்காவிலும் இடறித் துள்ளும். துள்ளும்போது பொறி பறக்கும். பொறி செப்பை மேலும் தின்னும். இதற்குப் பரிகாரம் திசைமாற்றியைக் கடைசற் பொறியில் மெல்லக் கடைந்து, பின்னர் மைக்காவை ஓர் அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு ஆழத்துக்குக் கீழே அறுத்துவிடுதல். அதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. பக்கங்கள் தேய்க்கப்பட்ட இரும்பரிவாள் அலகொன்று போதும். இறுதியில் கண்ணாடித்தாளால் மெருகிடல் வேண்டும். எமரித்தாள் ஆகாது, அதன் துகள் செப்பிற் பதிந்து காபனை அராவும். மூன்றாவது ஒலி கனத்த உறுமல். அது கேட்டால் புஷ் முற்றாகத் தேய்ந்து, ஆமேச்சர் ஒருபுறம் சாய்ந்து, காந்தத் துருவத்தில் உரசுகின்றது என்பது பொருள். அந்நிலையில் காதுக்கு வேலையில்லை, கடைசற்காரனுக்கே வேலை.

இவை பெரும்பாலும் அந்நிறுவனத்தின் கைநூல்களில் ஆங்கிலத்தில் அச்சானவையே. குடாநாட்டில் இவை வழங்கியது வேறொரு மொழியில். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் வழியே நேரோட்டம், ஆடலோட்டம், தூண்டல் என்னும் சொற்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நிலைபெற்றன. கராச்சிலோ ஆமேச்சர், பிறஸ், புஷ் என்பனவே பேச்சு. உயர்தர வகுப்பில் தைனமோவின் தத்துவத்தைப் பிழையற எழுதிய மாணவனும், அதே தைனமோவைக் கழற்றிப் பூட்டிய தொழிலாளியும் ஒரே ஊரில் ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்காமல் வாழ்ந்தனர். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியருக்கு இத்தகைய பிளவு தெரிந்திருந்தது. வழக்கிலுள்ள சொல்லை அவர் அலட்சியம் செய்யவில்லை. மின்னியலுக்கு ஒரு கிறீன் வாய்க்கவில்லை எனலாம். இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று: காதால் அறியும் அறிவு பாடநூலுக்குள் ஏறவில்லை.

1977இன் பின் நிலைமை தலைகீழாயிற்று. இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மிளகாய்ச் செய்கையாளன் விலைவீழ்ச்சியில் நொந்தான். கடைகளில் ஜப்பானிய வானொலி நாடாப்பதிவுக் கருவிகள் நிறைந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த ஒலிநாடாப் பேழை செக்கனுக்கு 4.76 சதமமீற்றர் வேகத்தில் ஓடவேண்டியது. அவ்வேகத்தைக் காப்பது பெருவிரலளவேயான தூரிகை மோட்டர். தைனமோவின் நோய்கள் எல்லாம் இச்சிறு மோட்டருக்கும் உண்டு. ஆனால் அறிகுறி வேறு. இங்கே திசைமாற்றி அழுக்கேறினால் பாட்டு தள்ளாடும். பாடகர் குரல் நடுங்குவதாகக் கேட்டோர் நினைத்திருக்கக்கூடும், நடுங்கியது மோட்டர்.

இரண்டாவது வகை இரைச்சல் வீட்டுக்குள் புகுந்ததும் இக்கருவியோடுதான். தூரிகையின் தீப்பொறி ஒரு சிறிய வானொலிப் பரப்பியே. 1880களின் பிற்பகுதியில் ஹேட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கியது பொறிகளாலேயே. மாக்கோனியின் தொடக்ககாலப் பரப்பிகளும் அவ்வாறே. ஆகவே கெட்ட மோட்டர் ஒவ்வொன்றும் தன் அருகிலுள்ள வானொலிக்குள் கரகரவென்று பேசும். இத்தொல்லைக்கு எல்லை வகுக்கவே 1934இல் பாரிசில் ஒரு சருவதேசக் குழு அமைக்கப்பட்டது. கருவி செய்வோர் மோட்டரை இரும்புக் கூட்டினுள் அடைத்து, முனைகளுக்குக் குறுக்கே சிறு கொள்ளளவியைப் பற்றாசு வைத்து இதனை அடக்கினர். காரிலும் அவ்வாறே, தைனமோவின் பெருமுனையில் ஒரு கொள்ளளவி. புலச்சுருளின் முனையிலோ அது கூடவே கூடாதென லூக்கஸ் எச்சரித்தது. பழுதறிதல் இங்கும் பிரித்தறிதலே. வானொலியை மட்டும் இயக்கும்போது தெளிவாயிருந்து, அதையே நாடாவிற் பதிவுசெய்யத் தொடங்கியதும் கரகரப்பு எழுமாயின் மோட்டரே காரணம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, பசளை என நீண்ட தடைப்பட்டியலில் உலர்மின்கலங்களும் இடம்பெற்றன. வானொலி கேட்பதைத் தடுக்கும் நோக்கம் இருந்ததோ இல்லையோ, விளைவு அதுவாயிருந்திருக்க வேண்டும். அவ்வாறு ஆகவிடாமற் காத்தது துவிச்சக்கரவண்டியின் தைனமோ. வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, ஒருவர் சுற்ற மற்றையோர் சூழ்ந்திருந்து பீ.பீ.சி. தமிழோசையின் இரவுச் செய்தியையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசையும் கேட்டது அத்தலைமுறையினரின் பொது நினைவு. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் இது நிகழ்ந்தது.

இந்நிகழ்வின் இயற்பியலைச் சற்று உற்றுநோக்குவது நலம். துவிச்சக்கரவண்டித் தைனமோவில் சுழல்வது காந்தம், சுருள் அசைவதில்லை. ஆதலின் அதற்குத் தூரிகையும் இல்லை, திசைமாற்றியும் இல்லை. அது தருவது ஆடலோட்டம், 6 வோல்ற்று, 3 உவாற்று. அதாவது அரை அம்பியர். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். கார்த் தைனமோவில் திசைமாற்றி செய்யும் தொழிலை இங்கே நான்கு இருவாயிகள் செய்தல் வேண்டும். அலைவை மட்டப்படுத்தக் கொள்ளளவியொன்றும் வேண்டும். இவை பழைய கருவிகளிலிருந்து கழற்றக்கூடியன. மட்டப்படுத்தல் போதாதாயின் செய்தியாளரின் குரலுக்கு அடியில் ஓர் இமிர்ச்சி கேட்கும். மிதி வேகமெடுக்க இமிர்ச்சியின் சுருதி உயரும், தளரத் தாழும். கை வேகத்தோடு ஏறியிறங்கும் ஒலி மின்வழங்கலிலிருந்து வருவது. கை வேகத்தைப் பொருட்படுத்தாத கரகரப்பு வேறெங்கிருந்தோ வருவது. கராச்சிற் பட்டியைக் கழற்றிப் பிரித்தறிந்த அதே தருக்கம் இங்கு வேறு உருவில் வருகின்றது. பாட்டுக் கேட்பதாயின் சுமை கூடும். நாடாமோட்டர் வானொலியை விடப் பன்மடங்கு மின்னோட்டம் இழுக்கும். தூரிகை தேய்ந்த மோட்டரோ சீராக இழுக்காது, துள்ளித் துள்ளி இழுக்கும். செய்தி கேட்பது இலேசு, பாட்டுக் கேட்பது பாரம் என்பதைச் சுற்றிய கைகள் அறிந்திருக்கும்.

தெருவிலும் பழைய பொறிகளே எஞ்சின. நெருக்கம் குறைந்த பழைய பிரித்தானிய இயந்திரங்கள், சிறிதளவு பெற்றோலைக் கொண்டு உயிர்பெற்றபின், மண்ணெண்ணெயில் ஓடச் சம்மதித்தன. புதிய வண்டிகள் பல அவ்வாறு இணங்கவில்லை. மின்கலம் சோர்ந்தாலும் முன்புறத்திற் கைப்பிடி செருகிச் சுழற்றி இயக்கும் வசதி ஒஸ்ரினுக்கு இருந்தது. மண்ணெண்ணெயில் எளிதிற் பற்றாத இயந்திரத்தைத் திரும்பத் திரும்பத் தொடக்க முயல்வதால் தொடக்கி மோட்டரின் தூரிகைகள் விரைந்து தேயும். கைப்பிடி அத்தேய்வைத் தவிர்த்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. தடைக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் யாழ்ப்பாணத்தாரின் மதிநுட்பம் தடையை வென்றதாகப் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமை முழுதும் ஏற்புடையதன்று. 3 உவாற்றுத் தைனமோ ஒரு வானொலியைப் பேசவைத்தது. மருத்துவமனையின் குளிரூட்டியை அது இயக்காது, கமத்துக்கு நீர் இறைக்காது. மதிநுட்பம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இழப்பும் இருந்தது. அந்நுட்பமும் 1990இல் திடீரென முளைத்ததன்று. ஏறத்தாழப் பதினைந்தாண்டு இறக்குமதிக் கட்டுப்பாட்டிற் கராச்சுகள் கற்றுக்கொண்டது அது. 1977இன் பின் வந்த பதின்மூன்றாண்டு தாராளம் இன்னுஞ் சற்று நீண்டிருக்குமாயின் அதனைக் கற்றோர் தொழில்மாறிப் போயிருக்கக்கூடும். 1995 ஒற்றோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கடைசற் பொறியைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லை. கற்றோர் சிலர் வன்னிக்கும், சிலர் கொழும்புக்கும், சிலர் கடல் கடந்தும் சென்றனர்.

தூரிகை மோட்டரின் கதை இன்று விளையாட்டுப் பொருள்களிலும் தொடர்கின்றது. ஜப்பானின் மபூச்சி நிறுவனம் பெருந்தொகையாகச் செய்த மோட்டர்களுள் 540 என்னும் இலக்கத்தை உடையதை 1976இல் தமியா நிறுவனம் தன் முதலாவது வானொலிக் கட்டுப்பாட்டுக் காரிற் பொருத்தியது. இன்று பாறைகளில் ஊர்ந்தேறும் சிறு விளையாட்டு லொறிகளிலும் அவ்வளவினதான மோட்டரே பெரிதும் காணப்படுகின்றது. தூரிகையற்ற மோட்டர்கள் மலிந்த பின்னரும், மெல்லத் தொடங்கி மெல்ல ஊரும் பண்புக்காகவும் எளிமைக்காகவும் தூரிகையை விடாதோர் பலர். லொறி கீச்சிட்டால் அவர்கள் செய்வது பழையதே. மோட்டரைப் பற்சில்லிலிருந்து விலக்கித் தாழ்ந்த வோல்ற்றளவிற் தனியே ஓடவிடுவர். ஒலி நின்றால் பற்கள் இறுகப் பொருந்தியதோ இடையே மணல் சிக்கியதோ காரணம். நில்லாவிடின் புஷ்ஷுக்கு ஒரு துளி எண்ணெய், திசைமாற்றிக்கு ஒருபோதும் இல்லை. புதுத் தூரிகையாயின் சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு முகம் படியச் செய்வர். நீருள் அமிழ்த்தி ஓடவிடுவோரும் உளர், அதனைக் கண்டிப்போரும் உளர். முனைகளுக்குக் குறுக்கேயும், ஒவ்வொரு முனைக்கும் கூட்டுக்கும் இடையேயும் கொள்ளளவி வைப்பதும் மாறவில்லை. முற்கால வானொலிக் கட்டுப்பாட்டில் தீப்பொறியின் இரைச்சல் வாங்கியைக் குழப்பி வண்டியைத் தன்போக்கில் திருப்பிவிடும்.

வேறுபாடு ஒன்று உண்டு. இவ்வகை மோட்டர்களுள் மலிவானவற்றின் கூடு நாக்குகளை மடித்து மூடப்பட்டது. தூரிகை தேய்ந்தால் மாற்ற வழியில்லை, எறிவதே முறை. லூக்கஸ் தைனமோவை மூடியிருப்பன இரண்டு நீண்ட திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் பின்தட்டு தூரிகைகளோடு கையில் வந்துவிடும்.